எந்தக் காட்டூர்? ஊர் ஆம்புலன்ஸுக்கு டிராக்கிங் அமைக்க முழுமையான வழிகாட்டி

"காட்டூர்ல இருந்து பேசுறேங்க. அப்பா மயங்கி விழுந்துட்டாரு."

"எந்தக் காட்டூர் சார்?"

108-க்கு அழைத்தால் ஃபோனை எடுப்பவர் சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் இருக்கிறார். அவர் கேட்பதில் தவறே இல்லை. கோயம்புத்தூர் நகரத்துக்குள் ஒரு காட்டூர் உண்டு. கலைஞர் கோட்டம் இருக்கும் காட்டூர் திருவாரூர் பக்கம். பொன்னேரி அருகே இன்னொன்று. நம் காட்டூர் திருச்சி–தஞ்சாவூர் சாலையில், அரியமங்கலத்துக்கும் திருவெறும்பூருக்கும் நடுவே. தெருப்பெயரைச் சொன்னால் தீருமா என்றால் அதுவும் இல்லை. அண்ணா நகரும் பாலாஜி நகரும் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் ஏது?

ஆம்புலன்ஸ் வேலை முழுவதும் இரண்டு கேள்விகளில் அடங்கும். வண்டி எங்கே இருக்கிறது? நோயாளி எங்கே இருக்கிறார்? முதல் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் ஜி.பி.எஸ். கருவியும் மொபைல் டேட்டாவும். இரண்டாவதற்கு அவை பாதி தூரம்தான் வரும். மீதியை ஊர்க்காரர்கள்தான் நடக்க வேண்டும்.

இந்த வழிகாட்டி யாருக்கு? ஒன்றோ இரண்டோ ஆம்புலன்ஸ் வைத்திருக்கும் குடியிருப்போர் நலச்சங்கம், ஜமாத், தேவாலயம், அறக்கட்டளை ஆகியவற்றில், "டிராக்கிங் போடணும், நீ பார்த்துக்கோப்பா" என்று யாரிடம் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறார்களோ அவருக்கு. கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை. ஒரு ஸ்மார்ட்ஃபோனும் ஒரு நோட்டும் பொறுமையும் போதும்.

தொடங்கும் முன் ஒரு சொல். உயிருக்கு ஆபத்து என்றால் முதல் அழைப்பு 108-க்குத்தான். சங்கத்து வண்டி டயாலிசிஸுக்கு அழைத்துப் போக, டிஸ்சார்ஜ் ஆனவரை வீடு சேர்க்க, 108 வண்டி வேறு கேஸில் இருக்கும்போது கை கொடுக்க என்று துணை நிற்பது. அதற்குப் போட்டி என்று நினைத்துக்கொண்டு இறங்க வேண்டாம்.

## 108-லிருந்து எதைக் கற்கலாம்

108 சேவை 2005 ஆகஸ்ட் 15-ல் ஹைதராபாத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பர் 15-ல், அண்ணா பிறந்தநாளன்று வந்தது. அதற்கு முன்பும் ஆம்புலன்ஸ்கள் இருந்தன. பெரும்பாலும் மருத்துவமனை வாசலில் நிற்கும். நாம்தான் எண்ணைத் தேடிப் பிடித்து அழைக்க வேண்டும். 108 கொண்டுவந்த மாற்றங்களில் முக்கியமானவை இரண்டு. வண்டிகளை ஊர் ஊராகப் பிரித்து நிறுத்தியது ஒன்று. அந்த வண்டிகளையெல்லாம் ஒரே திரையில் பார்த்து, பக்கத்தில் இருப்பதை அனுப்பியது மற்றொன்று. வண்டி நிற்கும் இடத்தை பேஸ் என்பார்கள். ஓட்டுநரை பைலட் என்பார்கள். உள்ளே இருக்கும் மருத்துவ உதவியாளர் இ.எம்.டி. இந்தச் சொற்களை நீங்களும் பழகிக்கொள்ளுங்கள். நாளைக்கு 108 ஊழியரோடு பேச வேண்டி வந்தால் உதவும்.

## அடிப்படை: திரையில் புள்ளி எப்படி வருகிறது

ஒரு புள்ளி நான்கு கைகள் மாறித்தான் திரைக்கு வருகிறது.

முதல் கை, செயற்கைக்கோள். ஜி.பி.எஸ். கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் "இப்போது மணி இவ்வளவு, நான் இருப்பது இங்கே" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தச் சேதி வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துக் கருவி தூரத்தைக் கணக்கிடும். நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீட்டர் தவறும். கருவிக்குள் இருப்பதோ சாதாரணக் கடிகாரம். அதன் பிழையையும் சேர்த்துச் சரிக்கட்டத்தான் குறைந்தது நான்கு கோள்கள் தேவைப்படுகின்றன. இஸ்ரோவின் நாவிக் கோள்களையும் சேர்த்துப் படிக்கும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன.

இரண்டாவது கை, வண்டியில் இருக்கும் கருவி. அட்சரேகை, தீர்க்கரேகை, வேகம், திசை, நேரம் ஆகிய ஐந்தையும் ஒரு சிறு பொட்டலமாகக் கட்டும். திறந்த வெளியில் இதன் பிழை ஐந்து மீட்டர் அளவில் இருக்கும். உயர்ந்த சுவர்களுக்கு நடுவே இன்னும் கூடும்.

மூன்றாவது கை, மொபைல் டேட்டா. கருவிக்குள் இருக்கும் சிம் வழியாக அந்தப் பொட்டலம் டவருக்குப் போகும். செயற்கைக்கோள் நம் வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது வெறும் ரேடியோ நிலையம் மாதிரி. தான் பேசுவதை யார் கேட்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. வண்டி இருக்கும் இடத்தை நமக்குச் சொல்வது சிம் கார்டுதான். சிக்னல் போனால் வண்டிக்குத் தன் இடம் தெரியும், நமக்குத் தெரியாது.

நான்காவது கை, சர்வர். பொட்டலத்தை வாங்கிச் சேமித்து, வரைபடத்தில் புள்ளியாக வைக்கும்.

ஆகவே திரையில் தெரியும் எந்தப் புள்ளியும் இந்தக் கணத்துப் புள்ளி அன்று. அதற்கு ஒரு வயது உண்டு. அது ஐந்து நொடியாக இருக்கலாம், ஐந்து நிமிடமாகவும் இருக்கலாம். இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க வேண்டுமென்றால் அது இதுதான்: புள்ளியைப் பார்த்ததும் முதலில் அதன் வயதைக் கேளுங்கள்.

## படி 1: தேவையை எழுதுங்கள்

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்.

- திரையை யார் பார்ப்பார்? பகலில் யார், இரவு இரண்டு மணிக்கு யார்?
- எத்தனை நொடிக்கு ஒருமுறை புள்ளி புதுப்பிக்கப்பட வேண்டும்?
- பழைய பதிவுகள் எதற்கு வேண்டும்? டீசல் கணக்குக்கா, நன்கொடையாளருக்குக் காட்டவா, தாமதம் எங்கே என்று பார்க்கவா?

இரண்டாவது கேள்விக்கு ஒரு கணக்கு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி 10 நொடியில் சுமார் 167 மீட்டர் கடக்கும். 30 நொடியில் 500 மீட்டர். ஒரு நிமிடத்தில் முழுதாக ஒரு கி.மீ. நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும் கருவி லாரிக்குப் போதும். ஆம்புலன்ஸுக்கு ஓடும்போது 10 நொடி, நிற்கும்போது 5 நிமிடம் என்று வையுங்கள்.

## படி 2: கருவியைத் தேர்ந்தெடுங்கள்

பைலட்டின் ஃபோன். செலவில்லை, இன்றே தொடங்கலாம். ஆனால் ஷிஃப்ட் முடிந்ததும் ஃபோன் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். சார்ஜ் மிச்சம் பிடிப்பதாகச் சொல்லி ஃபோனே செயலியை நிறுத்திவிடுவதும் வழக்கம். ஒரு மாதம் பழகிப் பார்க்க நல்ல வழி. நிரந்தர ஏற்பாடாக வேண்டாம்.

ஓ.பி.டி. பிளக் கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகினால் முடிந்தது. கழற்றுவதும் அதே சுலபம். சர்வீஸுக்கு விட்ட வண்டி திரும்பும்போது பிளக் டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடக்கும்.

வயர் இணைக்கும் டிராக்கர். டேஷ்போர்டுக்கு உள்ளே மறைவாக இருக்கும். வண்டி பேட்டரியில் ஓடும். உள்ளே சிறு பேட்டரியும் உண்டு. சிறிய சேவைக்கு இதுதான் ஏற்றது.

ஏ.ஐ.எஸ். 140 கருவி. பயணிகள் வாகனங்களுக்கான அரசுத் தரநிலை இது. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் புதிய பயணிகள் பொது வாகனங்களுக்கு இந்தத் தரத்தில் இருப்பிடக் கருவியும் ஆபத்துப் பொத்தானும் கட்டாயமாக்கப்பட்டன. விலை கூடுதல், உறுதியும் கூடுதல். உங்கள் வண்டியின் பதிவுக்கு இது கட்டாயமா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆம்புலன்ஸ்களுக்கென்றே ஏ.ஐ.எஸ். 125 என்ற தனித் தரநிலையும் உண்டு. முதலுதவி வண்டி, நோயாளி வண்டி, அடிப்படை உயிர்காப்பு, உயர்நிலை உயிர்காப்பு என்று நான்கு வகையாகப் பிரிக்கிறது. உங்கள் வண்டி எந்த வகை என்பதையும் அங்கேயே தெரிந்துகொள்ளலாம்.

வாங்கும்போது கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: "இது 4ஜி-யா, 2ஜி-யா?" மலிவான பல கருவிகள் 2ஜி-யில் மட்டும் ஓடுபவை. ஜியோவுக்கு 2ஜி கிடையாது. அந்தச் சிம்மைப் போட்டால் கருவி பேசாமல் கிடக்கும். 4ஜி இல்லாதபோது 2ஜி-க்கு இறங்கிக்கொள்ளும் கருவியாகப் பார்த்து வாங்குங்கள்.

## படி 3: சிம்மும் டேட்டாவும்

ஒரு பொட்டலம் 150 பைட் என்று வைத்துக்கொள்வோம். 10 நொடிக்கு ஒன்று வீதம், நாள் முழுக்க வண்டி ஓடினாலும் 8,640 பொட்டலம். ஒரு நாளைக்கு 1.3 எம்.பி.; மாதத்துக்கு 39 எம்.பி. வலைப்பின்னல் தன் பங்குக்குச் சேர்க்கும் சுமையைக் கணக்கிட்டு இருமடங்காக்கினாலும் 80 எம்.பி.-யைத் தாண்டாது. தினம் ஒன்றரை ஜி.பி. தரும் பிளான் இதற்குத் தேவையே இல்லை.

கருவிகளுக்கென்று விற்கும் எம்2எம் சிம் கேளுங்கள். அவற்றுக்குப் பத்து இலக்கத்துக்குப் பதில் 13 இலக்க எண் இருக்கும். சங்கத்தின் பெயரில் வாங்குங்கள். செயலாளர் தம் பெயரில் வாங்கிக் கொடுத்து, பிறகு அவர் ஊர் மாறிப் போனால் ரீசார்ஜ் நின்று, ஒரு நாள் காலையில் வண்டி திரையிலிருந்து காணாமல் போயிருக்கும்.

எந்த நிறுவனத்தின் சிம் என்பதை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வண்டி நிற்கும் இடத்திலும் வழக்கமாகப் போகும் வழியிலும் இரண்டு மூன்று நிறுவன ஃபோன்களை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். சிம் போட்டதும் அந்த நிறுவனத்தின் ஏ.பி.என். பெயரை, அதாவது கருவி இணையத்துக்குள் நுழையும் வாசலின் பெயரை, எஸ்.எம்.எஸ். மூலம் கருவிக்குள் பதிய வேண்டும். "சிம் போட்டேன், வேலை செய்யலை" என்பவர்களில் பாதிப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான்.

## படி 4: வண்டியில் பொருத்துதல்

நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டியவை இவை.

- மூன்று வயர்கள்: பேட்டரி, எர்த், இக்னிஷன். பேட்டரி வயரில் ஃபியூஸ் கட்டாயம். இக்னிஷன் வயரை விட்டுவிட்டால் வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்று கருவிக்குத் தெரியாது.
- வானம் தெரிய வேண்டும்: கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் சிக்னலை விடும்; இரும்புத் தகடு விடாது. உலோகப் பூச்சுள்ள சன் ஃபிலிமும் தடுக்கும்.
- தள்ளி வையுங்கள்: சைரன் ஆம்ப்ளிஃபையர், இன்வெர்ட்டர் இவற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். நோயாளிப் பகுதியின் கருவிகளுக்குப் போகும் மின்இணைப்பிலும் கை வைக்கக் கூடாது.
- எஞ்சின் கட்: மலிவான டிராக்கர்களோடு ஒரு ரிலே வரும். வண்டி திருடு போனால் ஃபோனிலிருந்தே எஞ்சினை நிறுத்தலாம் என்பார்கள். ஆம்புலன்ஸில் அதை இணைக்கவே இணைக்காதீர்கள். யாரோ தவறிப்போய் அழுத்தினால் நோயாளியோடு வண்டி நடுரோட்டில் நிற்கும்.

புதிதாகப் பொருத்திய கருவி முதல்முறை இடத்தைக் கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் எடுக்கலாம். கோள்களின் முழு அட்டவணையை வானத்திலிருந்து மட்டும் வாங்கினால் 12½ நிமிடம் ஆகும். மொபைல் டேட்டா வழியாக அட்டவணையை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் வசதி இருந்தால் சீக்கிரம் முடியும். வண்டியை வெட்டவெளியில் நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

## படி 5: மென்பொருளும் திரையும்

கருவி விற்பவர்களே ஒரு செயலி தருவார்கள். ஆண்டுச் சந்தா கேட்பார்கள். சங்கத்தில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் டிராக்கார் போன்ற திறந்த மூல மென்பொருளைச் சொந்தமாக நிறுவலாம். எது என்றாலும் நான்கு அமைப்புகளைச் சரிபாருங்கள்.

முதலாவது, நேரம். ஜி.பி.எஸ். கருவிகள் உலகப் பொது நேரத்தில் பேசும். நம் நேரம் அதைவிட 5½ மணி நேரம் முன்னால். இதைச் சரிசெய்யாவிட்டால் காலை எட்டு மணி கேஸ் அதிகாலை இரண்டரை மணிக்கு நடந்ததாகப் பதிவாகும்.

இரண்டாவது, வயதுக்கு நிறம். 30 நொடிக்குள் வந்த புள்ளி பச்சை. இரண்டு நிமிடம் வரை மஞ்சள். அதைத் தாண்டினால் சிவப்பு. இந்த எல்லையை நிற்கும் வண்டிக்குத் தளர்த்திக்கொள்ளுங்கள். நிறம் மாற்றும் வசதி இல்லாத செயலியில் "கடைசியாக வந்த நேரம்" எப்போதும் கண்ணில் படும்படியாவது வைக்க வேண்டும்.

மூன்றாவது, சேமித்து அனுப்பும் வசதி. சிக்னல் இல்லாதபோது கருவி பொட்டலங்களைத் தன்னிடமே வைத்திருந்து, சிக்னல் வந்ததும் மொத்தமாகத் தள்ளும். பதிவுக்கு நல்லது. ஆனால் பழையதை முதலில் அனுப்பும் கருவியாக இருந்தால், சில விநாடிகளுக்குத் திரையில் புள்ளி கடந்த காலத்தில் ஓடும். பார்ப்பவருக்கு இதைச் சொல்லிவைக்காவிட்டால், "வண்டி ஏன் திரும்பி வருது?" என்று பதறுவார்.

நான்காவது, கடவுச்சொல். ஆளுக்கு ஒன்று. சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரே கடவுச்சொல்லைப் போட்டு வைப்பது வீட்டுச் சாவியைப் பேருந்து நிறுத்தத்தில் மாட்டி வைப்பதற்குச் சமம்.

## படி 6: ஊரை வரைபடத்தில் ஏற்றுங்கள்

இதுவரை சொன்னதைக் காசு கொடுத்தால் யாரும் செய்து தருவார்கள். இந்தப் படியை உங்களைத் தவிர யாரும் செய்ய முடியாது.

காட்டூரை எடுத்துக்கொள்வோம். ஊருக்கு ஓரமாகத் தஞ்சாவூர் தேசிய நெடுஞ்சாலை. நடுவில் மீடியன். பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை 14.5 கி.மீ. நீளத்துக்குச் சர்வீஸ் ரோடு வேண்டும் என்பது இந்தப் பகுதி மக்களின் பல வருடப் போராட்டம். சாலையின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று வரைபடத்தில் பார்த்தால் இரண்டு விரற்கடை வித்தியாசம். வண்டிக்கு அது அடுத்த மீடியன் திறப்பு வரை போய்த் திரும்பும் தூரம். ஐந்து மீட்டர் பிழையுள்ள புள்ளி உங்களைச் சாலையின் எதிர்ப்பக்கத்தில் காட்டிவிடக்கூடும்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு பேர் பைக்கில் கிளம்புங்கள். பதிய வேண்டியவை:

- மீடியன் திறப்புகள் ஒவ்வொன்றும்
- ஆம்புலன்ஸ் நுழைய முடியாத சந்துகள், அவற்றின் வாயில் வண்டியை நிறுத்தும் இடம்
- தாழ்வான மின்கம்பிகள், மழைக்குத் தண்ணீர் தேங்கும் இடங்கள்
- ஊர்க்காரர்கள் வாயில் புழங்கும் அடையாளங்கள்: அரச மரம், ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி, கோயில், பள்ளிவாசல்

கடைசியாகச் சொன்னதுதான் விலைமதிப்பற்றது. பதறிக்கொண்டிருப்பவர் வாயில் கதவெண் வராது; "தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி" என்றுதான் வரும். அந்தத் தண்ணீர்த் தொட்டி உங்கள் வரைபடத்தில் இருக்க வேண்டும்.

இன்னொரு உதவி இருக்கிறது. 2025 மே மாதம் அஞ்சல் துறை டிஜிபின் என்ற முகவரிக் குறியீட்டை வெளியிட்டது. நாட்டை ஏறத்தாழ 4 மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் எழுத்தும் எண்ணும் கலந்த பத்து இடக் குறியீடு. ஒரே குறியீடு இரண்டு காட்டூருக்கு வராது. ஒவ்வொரு தெருமுனைக்கும் டிஜிபின் எடுத்துப் பட்டியல் போட்டு வையுங்கள்.

வரைபடத்துக்கும் வயது உண்டு என்பதை மறக்கக் கூடாது. திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலம் 2022-ல் பழுதுபார்க்க மூடப்பட்டு, 2023 மார்ச்சில்தான் திறந்தது. அந்த மாதங்களில் ஸ்ரீரங்கம் கேஸுக்கு ஆற்றைக் கடக்க வண்டி சென்னைப் புறவழிச்சாலைப் பாலத்துக்குச் சுற்ற வேண்டியிருந்தது. பழைய படத்தை நம்பியவர் ஆற்றங்கரையில் நிற்க வேண்டியதுதான். மூடிய வழிகள், திருவிழாத் தடைகள் இவற்றை வாரம் ஒருமுறை திருத்த ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

## படி 7: ஸ்டேட்டஸ் பொத்தான்கள்

வண்டி எங்கே என்பதைக் கருவி சொல்லும். என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும். பைலட்டின் ஃபோனிலோ டேப்லெட்டிலோ ஐந்தே ஐந்து பொத்தான்கள் வையுங்கள்: கிளம்பியாச்சு, ஸ்பாட்டுக்கு வந்தாச்சு, நோயாளியோடு கிளம்பியாச்சு, ஆஸ்பத்திரி வந்தாச்சு, வண்டி ஃப்ரீ.

இந்தப் பொத்தான்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு லண்டன் ஒரு பாடம் வைத்திருக்கிறது. 1992 அக்டோபர் 26-ல் லண்டன் ஆம்புலன்ஸ் சேவை, காகிதச் சீட்டுகளை ஒதுக்கிவிட்டுக் கம்ப்யூட்டரே வண்டி அனுப்பும் முறைக்கு மாறியது. வண்டிகளில் இருப்பிடக் கருவி. ஊழியர்களுக்கு ஸ்டேட்டஸ் பொத்தான்கள். ரேடியோ எட்டாத இடங்களிலிருந்து தகவல் வரவில்லை. நெருக்கடியில் ஊழியர்கள் பொத்தானை மாற்றி அழுத்தினார்கள், அல்லது அழுத்தவே இல்லை. எந்த வண்டி எங்கே, எது காலி என்பது கம்ப்யூட்டருக்குப் பிடிபடாமல் போனது. ஒரே கேஸுக்கு இரண்டு வண்டிகள் போயின. பக்கத்தில் இருந்த வண்டியை விட்டுவிட்டுத் தூரத்து வண்டியை அனுப்பியது. எச்சரிக்கைச் செய்திகள் குவிந்து, முக்கியமானவை திரைக்கு மேலே ஓடி மறைந்தன. தாமதம் கண்டு மக்கள் மறுபடி மறுபடி அழைக்க, சுமை இன்னும் ஏறியது. மறுநாளே பாதி கைவேலை முறைக்குத் திரும்பினார்கள். நவம்பர் 4-ல் அதுவும் நின்றது. நிரலில் விட்டுப்போன ஒரு சிறு துண்டு, ஒவ்வொரு வண்டியை அனுப்பும்போதும் நினைவகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்திருந்தது. துணைக்கு வைத்த சர்வரும் கைகொடுக்கவில்லை.

பொத்தானை அழுத்தப் போவது பைலட். அவரோடு பேசாமல் எதையும் பொருத்தாதீர்கள். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"ஏன் தம்பி, நான் டீ குடிக்க நிறுத்தினாக்கூட உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே. நீங்க குடிக்க வேணாம்னு சொல்லலை. எங்க இருக்கீங்கன்னு கேட்டு, ஓட்டும்போது உங்களுக்கு ஃபோன் போட வேண்டியிருக்காது பாருங்க, அதுக்குத்தான்."

பொய் சொல்லிச் சமாதானம் செய்ய வேண்டாம். வேகப் பதிவை எதற்குப் பயன்படுத்துவீர்கள், எதற்குப் பயன்படுத்த மாட்டீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். பொத்தானை வண்டி நிற்கும்போது மட்டும் அழுத்த வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

## படி 8: வெள்ளோட்டம்

மூன்று வழிகளில், மூன்று நேரங்களில் ஓட்டிப் பாருங்கள்.

புத்தூர் அரசு மருத்துவமனைக்கு. காட்டூரிலிருந்து மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குப் பால்பண்ணை வந்து, காந்தி மார்க்கெட், பாலக்கரை வழியாகப் போகலாம். புறவழிச்சாலையில் ஜி கார்னர், டி.வி.எஸ். டோல்கேட் என்று சுற்றியும் போகலாம். தூரத்தில் குறைந்த வழி எப்போதும் நேரத்தில் குறைந்ததாக இராது. காலை ஒன்பது மணிக்கும் இரவு பதினொன்றுக்கும் ஓட்டி, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மார்க்கெட்டுக்குச் சரக்கு இறங்கும் நேரத்தை உள்ளூர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டாம், செயலிக்குத்தான் தெரியாது.

துவாக்குடி பக்கம். எதிர்த்திசையில் நெடுஞ்சாலை முழுக்கப் போய், சிக்னல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி விழுந்த இடங்களை வரைபடத்தில் குறியுங்கள்.

ஸ்ரீரங்கம் வீதிகள். மதிலும் கோபுரமும் நெருங்கிய வீதிகளில் கோளின் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வரும். புள்ளி பக்கத்து வீதிக்குத் தாவும். வைகுண்ட ஏகாதசி போன்ற நாளில் இன்னொரு சிக்கலும் சேரும். லட்சக்கணக்கான ஃபோன்கள் ஒரே டவர்களை மொய்க்கும்போது டேட்டா தவழும். அத்தகைய நாட்களுக்கு, டேட்டா இல்லாவிட்டால் எஸ்.எம்.எஸ். மூலம் இருப்பிடம் சொல்லும் கட்டளையைக் கருவியில் சோதித்து வையுங்கள்.

## படி 9: நோயாளியின் இடத்தைக் கண்டுபிடித்தல்

அழைப்பை எடுப்பவருக்கு ஒரு சிறு அட்டை அடித்துக் கொடுங்கள். அதில் இந்த வரிசை இருக்கட்டும்:

1. திரும்ப அழைக்க எண் என்ன?
2. எந்தக் காட்டூர்? திருச்சியா? மெயின் ரோட்டுக்கு எந்தப் பக்கம்?
3. பக்கத்தில் என்ன அடையாளம்?
4. நீங்கள் நோயாளியோடு இருக்கிறீர்களா?
5. நோயாளிக்கு என்ன? மூச்சு இருக்கிறதா?

நான்காவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். காட்டூரில் அம்மா விழுந்தால் அழைப்பது சென்னையில் இருக்கும் மகளாகவோ துபாயில் இருக்கும் மகனாகவோ இருக்கலாம். வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பச் சொன்னால் பதற்றத்தில் தன் இருப்பிடத்தை அனுப்பிவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

நோயாளியோடு இருப்பவர் லொகேஷன் அனுப்பும்போது, அனுப்பும் இடத்திலேயே "இத்தனை மீட்டர் துல்லியம்" என்று காட்டும். 15 மீட்டர் என்றால் சரி. 200 மீட்டர் என்றால் ஃபோன் இன்னும் வானத்தைப் பிடிக்கவில்லை. வாசலுக்கு வந்து மறுபடி அனுப்பச் சொல்லுங்கள். அவசர எண்ணை அழைத்தவுடன் ஃபோனே இருப்பிடத்தைத் தானாக அனுப்பும் முறையை பிரிட்டன் 2014-ல் தொடங்கி, பல நாடுகள் பின்பற்றுகின்றன. சங்கத்து எண்ணுக்கு அந்த வசதி வராது. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

## படி 10: திரை அணைந்தால்

சர்வர் நிற்கும், ரீசார்ஜ் தீரும், மழைக்கு டவர் சாயும். அன்றைக்கு வேலை ஓட மூன்று பொருட்கள் போதும்: சுவரில் மாட்டிய பெரிய காகித வரைபடம், கேஸ் எழுதும் நோட்டு, பைலட்டின் சொந்த எண். மாதம் ஒரு நாள் வேண்டுமென்றே திரையை அணைத்துவிட்டு, ஒரு மணி நேரம் நோட்டிலேயே வேலை பாருங்கள். லண்டன்காரர்களின் துணை சர்வர் கைவிட்டதற்குக் காரணம் அதை யாரும் முன்பே சரியாகச் சோதித்துப் பார்க்காததுதான்.

## தனியுரிமை

வண்டி யார் வீட்டு வாசலில் நின்றது என்பது அந்த வீட்டின் ரகசியம். வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போவது யார் என்று ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. 2023-ல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொறுப்பைத் தரவை வைத்திருப்பவர் மேல் வைக்கிறது. உறவினருக்கு அனுப்பும் நேரலை இணைப்பு கேஸ் முடிந்ததும் செயலிழக்க வேண்டும். பழைய வழித்தடப் பதிவுகளை எத்தனை நாளில் அழிப்பது என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். நன்கொடையாளருக்கு மாதத்துக்கு எத்தனை கேஸ், எத்தனை கி.மீ. என்ற கணக்கைக் காட்டினால் போதும், வரைபடம் வேண்டாம்.

## முதல் மாதச் சரிபார்ப்பு

- தினம்: காலையில் புள்ளி பச்சையா? வண்டி உண்மையில் நிற்கும் இடமும் திரையும் ஒன்றா?
- வாரம்: மூடிய வழிகள் திருத்தியாயிற்றா? பொத்தான் விட்டுப்போன கேஸ்கள் எத்தனை? ஏன் என்று பைலட்டிடம் கேட்டீர்களா?
- மாதம்: ரீசார்ஜ் தேதி என்ன? காகித ஒத்திகை நடந்ததா? வேலையை விட்டுப் போனவரின் கடவுச்சொல் நீக்கியாயிற்றா?

பணமும் நேரமும் குறைவாக இருக்கிறது, இவற்றில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வது? கருவியைத் தள்ளிப்போடுங்கள், ஆறாவது படியை முதலில் செய்யுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிறு ஸ்டிக்கர்: "திருச்சி காட்டூர்", மெயின் ரோட்டுக்கு எந்தப் பக்கம், தெரு, தெரிந்த அடையாளம், டிஜிபின், 108, சங்கத்து எண். ஃபோன் சார்ஜ் போடும் இடத்துக்கு மேலே ஒட்டச் சொல்லுங்கள். அதன் கடைசி வரியாக இதை அச்சிடுங்கள்: "அழைத்தவுடன் ஒருவர் தெருமுனைக்குப் போய் நிற்கவும், இரவானால் டார்ச்சோடு."

அப்படி ஒருவர் நின்றால், நள்ளிரவில் தஞ்சாவூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் 108 பைலட்டுக்கும் எந்தக் காட்டூர், எந்தத் தெரு என்று கேட்கும் வேலை மிச்சம்.